டவுன் பாடாங்கில் ஜாஸ் விழா: வாசலில் உருமி அடிப்பதோடு நம்ம வேலை முடிஞ்சுதா?

கித்தாக்காட்டான் · திங்கள், இரவு 9:10

வணக்கம் மக்களே. நேத்து டேவான் மண்டபத்தில் ஒரு கூட்டம். அடுத்த வருஷம் நம்ம டவுன் பாடாங் மைதானத்தில் ரெண்டு நாள் ஜாஸ் இசை விழா வைக்கப் போறாங்களாம். கோலாலம்பூரிலிருந்து ஏற்பாட்டாளர்கள் வந்து திரையில் படம் போட்டு விளக்கினாங்க. அதுல ஒரு பக்கத்துக்கு "உள்ளூர்ச் சமூகம்"னு தலைப்பு. கீழே மூணே வரி: சாப்பாட்டுக் கடை போட இடம், வாசலில் உருமி மேளம், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்க வரிசையா நின்னு கொடி அசைக்கணும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர்ங்கறதால என் பக்கம் திரும்பி "என்ன சொல்றீங்க?"ன்னாங்க. எனக்கு ஜாஸ்னா ஒண்ணும் தெரியாது. தலையாட்டிட்டு வந்துட்டேன். வீட்ல சோறு திங்கும்போதுதான் உறைச்சுது, கொடிக்கும் ஜாஸுக்கும் என்ன சம்பந்தம்னு.

வெள்ளிக்கிழமை மறுபடி கூட்டம். மத்த ஊர்ல எப்படிச் செய்யறாங்க, நாம என்ன கேக்கலாம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. நம்ம பள்ளியில் இப்ப 34 பிள்ளைங்க. அதையும் மனசுல வச்சுக்குங்க.

---

மூணாம்நம்பர்லயம் · திங்கள், இரவு 9:32

எங்க தாத்தா தோட்டத்துத் தொரை கிளப்புல வாசல் காவல். உள்ளே கிராமபோன் ஓடும், இவர் வெளியே கொசு அடிச்சுக்கிட்டு நிப்பாராம். இப்போ கொள்ளுப்பேரன் கொடி அசைக்கப் போறான். பதவி உயர்வுதான், வேறென்ன.

---

பெரிங்கி_அடுப்படி · திங்கள், இரவு 10:05

கிண்டல் பண்ணாதீங்க தம்பி. நான் பினாங்கு பத்து பெரிங்கியில ஹோட்டல் அடுப்படியில் பல வருஷம் வேலை பார்த்தவன். பினாங்குத் தீவு ஜாஸ் விழா 2004-ல் ஆரம்பிச்சுது. டிசம்பர்ல கடற்கரை ஓரத்திலேயே மேடை. நாங்க கோழி வறுத்துக்கிட்டே கேப்போம். ஜாஸ்னா என்னன்னு யாரும் எங்களுக்குச் சொல்லித் தரல. ஆனா ராத்திரி 12 மணிக்குப் பாத்திரம் கழுவுற பையன் வாளியைக் கவுத்துப் போட்டு அந்த டிரம்ஸ்காரன் அடிச்சதை அப்படியே அடிப்பான்.

ஒண்ணு மட்டும் சொல்றேன். விழாவை நடத்தின பால் அகஸ்டின் பினாங்குக்காரர். அந்தத் தீவோட பழைய இசைக்காரங்களைத் தேடிப் பிடிச்சு, போட்டோவெல்லாம் சேர்த்து வச்சவர். அதனால வெளிநாட்டுக் குழு எத்தனை வந்தாலும் "இது பினாங்கு விழா"ங்கற நெனப்பு இருந்துச்சு. ஊரை விட்டுட்டு விழாவை மட்டும் கொண்டாந்து இறக்கினா அது டெண்டு. மூணாம் நாள் கழட்டிட்டுப் போயிருவான்.

---

சிகு_கமலா · செவ்வாய், காலை 6:40

பள்ளிக்குக் கிளம்பும் அவசரம், சுருக்கமாக எழுதப் பார்க்கிறேன். (முடியாது என்று எனக்கே தெரியும்.)

முதலில், ஜாஸ் என்பது கோட்டு போட்டவர்களின் சங்கீதம் என்ற எண்ணத்தை விட்டுவிடுவோம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் காங்கோ சதுக்கம் என்று ஓர் இடம். அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடித் தாளம் அடித்து ஆடினார்கள். வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு, அந்த ஒரு நாளில் மேளம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நகரத்தின் ஜாஸ் மற்றும் மரபு விழா 1970-ல் தொடங்கியபோது அதே காங்கோ சதுக்கத்தில்தான் நடந்தது.

அடுத்தது சாவு. அங்கே ஒருவர் இறந்தால் வாத்தியக் குழு முன்னால் போகும். கல்லறை வரைக்கும் மெதுவான சோக இசை. அடக்கம் முடிந்து திரும்பும்போது தாளம் மாறும், தெருவே ஆடும். பின்னால் ஆடிக்கொண்டு வரும் ஊர் ஜனத்துக்கு "இரண்டாம் வரிசை" என்றே பெயர். இந்த ஊர்வலங்களை நடத்துவது அங்குள்ள சங்கங்கள். அந்தக் காலத்தில் உறுப்பினர்கள் சந்தா கட்டினார்கள், யாராவது இறந்தால் ஈமச் செலவைச் சங்கம் பார்த்துக்கொண்டது. நம் ஊர் மரண சகாய நிதிதான்! விழா நடக்கும் நாட்களில் அதே சங்கத்தார் குடை பிடித்து, இறகு விசிறி வீசி மைதானத்துக்குள் ஊர்வலம் வருகிறார்கள். நிகழ்ச்சி நிரலில் அவர்கள் பெயர் இருக்கிறது. வாசலோடு நிறுத்துவதில்லை.

சாப்பாடும் அப்படித்தான். பெரிய துரித உணவுக் கடைகளை உள்ளே விடுவதில்லை. அந்த மாநிலத்துச் சமையல்காரர்கள், அந்த மாநிலத்துப் பதார்த்தம். விழாவுக்குச் சொந்தக்காரர் ஓர் அறக்கட்டளை. அதற்கு வரும் பணத்தில் பிள்ளைகளுக்கு இலவச இசைப்பள்ளி நடக்கிறது.

மணி அடிக்கப் போகிறது. பிறகு வருகிறேன்.

---

மூணாம்நம்பர்லயம் · செவ்வாய், காலை 8:15

சிகு, அங்க டிக்கெட் என்ன விலை? உள்ளூர்க்காரன் கட்ட முடியுமா? அதையும் சொல்லிருங்க.

---

சிகு_கமலா · செவ்வாய், மதியம் 2:20

நியாயமான கேள்வி. விலை ஏறிவிட்டது, சாதாரண மக்களால் முடியவில்லை என்ற மனக்குறை அங்கேயும் உண்டு. அதனால் ஒரு வியாழக்கிழமையை லூசியானா மாநிலத்தாருக்கென்றே குறைந்த விலையில் ஒதுக்குகிறார்கள். அடையாள அட்டை காட்ட வேண்டும். நாம் கேட்பது சுலபம், ஐசியில் முகவரி இருக்கிறதே.

---

தகதகிட · செவ்வாய், மதியம் 3:48

உருமி மேளம்னு பேச்சு வந்ததால நான் பேசித்தான் ஆகணும். நம்ம குழு 11 பேர். எல்லாம் பள்ளிக்கூடம் முடிச்ச, முடிக்காத பசங்க.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி வேற ஊர்ல இதே மாதிரி ஓர் இசை விழா. யார் நடத்தினாங்கன்னு சொல்ல விரும்பல. எங்களைக் கூப்பிட்டாங்க. சாயங்காலம் 5 மணிக்கு வைபி, அதான் தொகுதி மக்கள் பிரதிநிதி, வந்து இறங்கினார். வெயில்ல 40 நிமிஷம் நின்னு காத்திருந்துட்டு, 4 நிமிஷம் அடிச்சோம். மாலை போட்டாங்க, போட்டோ எடுத்தாங்க, அவர் உள்ளே போயிட்டார். நாங்க பின்னாடியே போனா கையில நுழைவுப் பட்டை இல்லைன்னு காவலுக்கு நின்ன ரெலாக்காரர் தடுத்துட்டார். எங்களுக்குப் பட்டை கட்டணும்னு யாருக்கும் தோணல. பொட்டலச் சோறு குடுத்தாங்க. லோரிக்குப் போய் உக்காந்து தின்னோம்.

லோரி நின்னது மேடைக்குப் பின்னால. அங்க ஒரு வெளிநாட்டுக் குழு ஒலி சரிபார்த்துக்கிட்டு இருந்துச்சு. டிரம்ஸ் அடிக்கறவர் ஒரே அடியைத் திருப்பித் திருப்பி அடிக்கறார். எங்க பையன் ஒருத்தன், 15 வயசு, சோத்துக் கையை வழிச்சுக்கிட்டே "அண்ணே இது அஞ்சுண்ணே. தக தகிட, தக தகிட"ன்னான். எண்ணிப் பார்த்தேன். அஞ்சேதான்! அவன் பம்பையை எடுத்து மடியில் வச்சு மெதுவா கூடவே போட ஆரம்பிச்சான். அந்த ஆள் நிறுத்திட்டார். திட்டப் போறார்னு நெனச்சோம். கீழே இறங்கி லோரிக்கே வந்துட்டார்.

அவருக்குப் பம்பையை விட உருமி மேலதான் கண்ணு. வளைஞ்ச குச்சியால தோலைத் தேய்ச்சு உறும வைக்கிறோம்ல, அது எப்படின்னு கைஜாடையில கேட்டார். குச்சியைக் குடுத்தோம். பத்து தடவை தேய்ச்சார், கதவு கீச்சுன்ன மாதிரிதான் வந்துச்சு. பசங்க விழுந்து விழுந்து சிரிச்சானுங்க, அவரும் சிரிச்சார். விரலை எங்க வைக்கணும், எந்த இடத்துல அழுத்தணும்னு நம்ம பையன் அவர் கையைப் பிடிச்சுக் காட்டினான். கால் மணி நேரம் இருக்கும். அப்புறம் யாரோ வந்து அவரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

அந்த விழாவுல உண்மையா நடந்த சங்கதி அந்தக் கால் மணி நேரம்தான். ஆனா ஏற்பாட்டாளர் போட்ட படத்துல நாங்க மாலைக்குப் பக்கத்துல நிக்கறோம். அதுக்குக் கீழே "உள்ளூர்ச் சமூகத்தின் பங்களிப்பு"ன்னு எழுதியிருந்துச்சு.

---

கித்தாக்காட்டான் · செவ்வாய், மாலை 5:30

அண்ணே, படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அந்தக் கால் மணி நேரத்தை நிகழ்ச்சி நிரல்லயே போடச் சொல்லலாமா? நேரம், இடம், பேரோட?

---

தகதகிட · செவ்வாய், மாலை 5:41

போடலாம். சரவாக் மழைக்காட்டு இசை விழாவுல அதைத்தானே செய்யறாங்க. 1998-லேருந்து நடக்குது. பகல்ல பட்டறை, ராத்திரி மேடை. பகல்ல கலாசாரக் கிராமத்து நீள்வீட்டுக்குள்ள வாத்தியக்காரங்களும் வந்த ஜனமும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருப்பாங்க. நான் ஒரு தடவை போனேன். ராத்திரிக் கச்சேரியில பாதி மறந்துபோச்சு, பகல்ல நடந்தது மறக்கல.

---

ராஜம்மா_கெடை · செவ்வாய், இரவு 8:02

தம்பி நான் டவுன்ல நாசி லெமாக் கெடை வச்சிருக்கேன். பாட்டைப் பத்தி நீங்க பேசுங்க, நான் இதைச் சொல்றேன்.

கெடை வாடகை ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு கேளுங்க. போன தடவை பாடாங்குல ஒரு விழாவுக்குக் கேட்ட வாடகைக்கு நான் விடிய விடிய வித்தாலும் தேறாது. கடைசியில வெளியூர் வண்டிக்காரனுங்கதான் எடுத்தானுங்க.

தேதி கேளுங்க. தைப்பூசம், பங்குனி, நம்ம ஆத்தா கோயில் தீமிதி, நோன்பு மாசம் எதுவும் மாட்டக் கூடாது. சாமி ஊர்வலம் வர்ற ரோட்டை அடைச்சுட்டு "டிராபிக் திருப்பம்"னு போர்டு வச்சா சண்டைதான் வரும்.

பீர் கூடாரம் பள்ளிக்கூட வேலிப் பக்கம் வேணாம். எங்க வீட்டு ஆம்பிளைங்களுக்கு ஜாஸ் தேவையில்ல, கூடாரம் போதும்.

---

மூணாம்நம்பர்லயம் · செவ்வாய், இரவு 8:20

ஆயா, கடைசி வரிக்கு ஆயிரம் லைக்.

---

பாலாறு_2 · புதன், காலை 10:15

எல்லாரும் "தோட்டத்து மக்கள்"னு பேசறீங்க. இப்ப லயத்துல யார் இருக்கா? நம்ம ஆளுங்க டவுன் தாமான் குடியிருப்புக்குப் போய் வருஷமாச்சு. பாதித் தோட்டம் வீடாயிருச்சு. மிச்சத்துல செம்பனை வெட்டறவங்க வங்காளதேசத்துக்காரங்க, இந்தோனேசியாக்காரங்க, நேப்பாளிங்க. அவங்க வாங்குற சம்பளத்துல டிக்கெட் எடுக்க முடியாது, பாடாங் பக்கம் வந்தா பாஸ்போட் கேப்பாங்கன்னு பயம். "உள்ளூர்ச் சமூகம்"ங்கற அந்த மூணு வரியில அவங்க இல்ல. சரி, நாம கேக்கப் போற லிஸ்டுலயாவது இருக்காங்களா? நம்ம தாத்தாங்க நின்ன இடத்துலதானே அவங்க நிக்கறாங்க.

---

கித்தாக்காட்டான் · புதன், மதியம் 1:05

இல்ல. எனக்குத் தோணவே இல்ல. எழுதிக்கிட்டேன்.

---

சிகு_கமலா · புதன், மாலை 4:30

34 பிள்ளைகள் என்று முதல் பதிவில் எழுதினீர்களே, அது இரண்டு நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. 150 பேருக்குக் குறைந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்ற பட்டியலில் வைத்துவிடுகிறார்கள். 34 என்றால் நமக்கெல்லாம் தெரியும், அடுத்த பேச்சு "வேறு பள்ளியோடு சேர்க்கலாமா" என்பதுதான்.

பிரான்சின் தென்மேற்கே மார்சியாக் என்று ஒரு கிராமம். ஜனத்தொகை ஆயிரத்துச் சொச்சம். சுற்றிலும் விவசாயம், வாத்து வளர்ப்பு. 1978-ல் அங்கே ஜாஸ் விழா தொடங்கினார்கள். ரக்பி மைதானத்தில் பெரிய கூடாரம், வேலை செய்பவர்கள் எல்லாம் ஊர்த் தொண்டர்கள். இப்போது கோடையில் உலகத்தின் பெரிய ஜாஸ் கலைஞர்களெல்லாம் வருகிறார்கள்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. அந்த ஊர் நடுநிலைப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்து, மூடிவிடுவார்கள் என்ற நிலை வந்தது. விழாவை நடத்தியவர்களில் முக்கியமானவர் ஜான் லூயி கியோமோன், அந்தப் பள்ளியிலேயே ஆசிரியராக இருந்து தலைமையாசிரியர் ஆனவர். பிறகு ஊர் மேயரும் ஆனார். 1993-ல் அந்தப் பள்ளியில் ஜாஸ் வகுப்பு தொடங்கினார்கள். கணக்கு, வரலாறு, அறிவியலோடு வாரம் சில மணி நேரம் ஜாஸ், அதே பாடவேளைக்குள். வெளியூர்களிலிருந்து பெற்றோர் தேடிவந்து பிள்ளைகளைச் சேர்த்தார்கள். பள்ளி பிழைத்தது. முதல் வருஷம் சேர்ந்த பிள்ளைகளில் ஒருவர் எமில் பாரிசியன். இன்று ஐரோப்பாவின் முன்னணி சாக்ஸபோன் கலைஞர்களில் ஒருவர். அமெரிக்க எக்காளக் கலைஞர் விண்டன் மார்சாலிஸ் வருஷா வருஷம் விழாவுக்கு வந்தபோது அந்தப் பிள்ளைகளோடும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். ஊர் அவருக்குச் சிலையே வைத்திருக்கிறது.

விழா இரண்டு நாளோ இரண்டு வாரமோ, அது போன பிறகு திங்கட்கிழமை காலையில் பள்ளியில் என்ன இருக்கும் என்று கேளுங்கள். எனக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

---

கணக்கப்பிள்ளை · புதன், இரவு 9:50

சிகு, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நடப்பு வேற. அங்க தலைமையாசிரியர் அதே ஊர்லயே இருந்தார். இங்க நல்ல தலைமையாசிரியர் வந்தா மூணு வருஷத்துல மாத்தல். பாட அட்டவணை அமைச்சு கையில, நம்ம இஷ்டத்துக்கு ஜாஸ் சேர்க்க முடியாது. சாக்ஸபோன் என்ன விலை தெரியுமா? விலையை விடுங்க, நம்ம ஈரக் காத்துல அதோட தோல் மூடிங்கள்லாம் ஊதிப்போயிரும். யார் பழுது பார்ப்பா? எங்க பள்ளிக்கு யாரோ ஒரு டத்தோ வாங்கிக் குடுத்த கீபோர்டு இன்னும் பிளாஸ்டிக் கவரோட ஸ்டோர்ல இருக்கு. அது மேல விளையாட்டுப் போட்டிக் கோப்பைங்க அடுக்கி வச்சிருக்கு.

---

சிகு_கமலா · புதன், இரவு 10:12

கணக்கப்பிள்ளை ஐயா சொல்வது சரி, கீபோர்டு உட்பட. (எங்கள் பள்ளியிலும் ஒன்று இருக்கிறது!) பாடவேளைக்குள் முடியாது. புறப்பாட நடவடிக்கைக்கு நேரம் இருக்கிறதே, அதில் முடியும். ஊது வாத்தியமும் வேண்டாம். பம்பை, தவில் அடிக்கத் தெரிந்தவர்கள் இந்த இழையிலேயே இருக்கிறார்கள். லூயிஸ் பிரகாசம் நம் நாட்டு டிரம்ஸ் கலைஞர், ஆசியபீட் என்று குழு வைத்து ஆசியத் தாள வாத்தியங்களையும் ஜாஸையும் கலந்து வாசித்தவர். அந்த வழி நம்ம ஆட்களுக்குப் புதிதல்ல.

---

பெரிங்கி_அடுப்படி · புதன், இரவு 10:30

ஊது வாத்தியத்தையும் ஒரேயடியா ஒதுக்காதீங்க. சாக்ஸபோன்ல கர்நாடக சங்கீதம் வாசிச்ச கத்ரி கோபால்நாத் வீட்ல அப்பா நாதஸ்வரம். மைசூர் அரண்மனை பேண்டுல சாக்ஸபோனைப் பார்த்துட்டுத்தான் அவருக்கு ஆசை வந்துச்சு. நம்ம கோயில் நாதஸ்வரக்காரர் சும்மாவா இருக்கார்? மழைக்காலத்துல சீவாளியைக் காப்பாத்தறவருக்கு சாக்ஸபோனைக் காப்பாத்தத் தெரியாதா.

---

கணக்கப்பிள்ளை · புதன், இரவு 10:44

அவர் இந்தியாவுலேருந்து வந்தவர், பெர்மிட் முடியப் போகுது. அதுவும் கணக்குல சேர்த்துக்குங்க.

---

ஜோக்ஜா_ரிட்டர்ன் · வியாழன், காலை 11:20

பிரான்ஸ் தூரம்னு நெனக்கறவங்களுக்கு, பக்கத்துலேயே ஒண்ணு இருக்கு. ஜாவாவுல யோக்யகர்த்தா பக்கம் "ங்காயோக்ஜாஸ்"னு ஒரு விழா, 2007-லேருந்து. ஜாடுக் ஃபெரியான்தோன்னு ஒரு கலைஞர் முன்னின்று ஆரம்பிச்சது. வருஷத்துக்கு ஒரு கிராமம். பாடாங் கிடையாது, வீட்டு முற்றம்தான் மேடை. டிக்கெட் கிடையாது. வாகனம் நிறுத்தறது, சமைக்கறது, வழி காட்டறது எல்லாம் கிராமத்து ஜனம். பெரிய ஜாஸ்காரர் வாசிச்சு முடிச்ச அதே முற்றத்துல அந்த ஊர்க் குதிரையாட்டக்காரங்க ஆடுவாங்க. 2019-ல் விழாவுக்குச் சில நாள் முன்னாடி ஜாடுக் காலமாயிட்டார். விழா நிக்கல, அந்த வாரமே நடந்துச்சு.

நான் அங்க படிச்சப்ப போனேன். ஒரு வீட்டுத் திண்ணையில இருந்த கிழவி எனக்கு வெந்த கச்சான் கடலை குடுத்தாங்க. அவங்க வீட்டு முற்றத்துலதான் கச்சேரி. "சத்தம் தொந்தரவா இல்லையா பாட்டி?"ன்னு கேட்டேன். "என் வீட்டுக்கு வந்த விருந்தாளி, சத்தம் போடாம என்ன பண்ணுவான்"னாங்க.

இலவசம்னா ஆபத்தும் இருக்கு. இத்தாலியில உம்ப்ரியா ஜாஸ் 1973-ல் ஊர்ச் சதுக்கங்கள்ல இலவசமாத்தான் ஆரம்பிச்சாங்க. சின்ன ஊருங்க தாங்காத அளவுக்குக் கூட்டம். சில வருஷம் நிறுத்தி வச்சு, 1982-ல் வேற மாதிரி மறுபடி தொடங்க வேண்டியதாச்சு. கழிப்பறை எத்தனைன்னு முதல்ல கேளுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

---

ராஜம்மா_கெடை · வியாழன், மதியம் 12:00

கழிப்பறை! இத்தனை பேர் எழுதினதுல இந்தப் பையன் ஒருத்தன்தான் உருப்படியா சொன்னான்.

---

கித்தாக்காட்டான் · வியாழன், இரவு 9:15

எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிட்டேன். உருமிக் குழுவுக்கு வாசல்ல இல்ல, நிரல்ல இடம், கையில பட்டை, மத்தவங்க மாதிரி சம்பளம். பகல்ல பட்டறை, நம்ம பள்ளி மண்டபத்துல. ஐசி முகவரிக்குக் குறைஞ்ச விலை, லயத்துத் தொழிலாளிகளுக்குப் பகல் நிகழ்ச்சி இலவசம். கெடை வாடகை, தேதி, ரோடு, கழிப்பறை. கடைசியா, விழா முடிஞ்ச பிறகு வாரம் ஒரு நாள் பள்ளியில தாள வகுப்பு. ஒரு வருஷத்துக்கு வாத்தியார் சம்பளம் அவங்க.

கொடி அசைக்கறதை அடிச்சுட்டேன்.

---

மூணாம்நம்பர்லயம் · வியாழன், இரவு 9:22

இவ்வளவும் கேட்டா விழாவே வேற டவுனுக்குப் போயிரும் பாருங்க.

---

கித்தாக்காட்டான் · வெள்ளி, இரவு 11:05

கூட்டம் முடிஞ்சு இப்பத்தான் வந்தேன்.

வாடகைக் குறைப்புக்கு "பார்க்கலாம்". தொழிலாளிகள் விஷயத்துல உள்ளூராட்சி மஜ்லிஸ், போலீஸ் ரெண்டு இடத்துலயும் கேக்கணுமாம், முகத்தைப் பார்த்தா கேக்கப் போறதில்லன்னுதான் தெரியுது. பாலாறு அண்ணே, அதை நான் விடப் போறதில்ல. தேதியை மாத்திட்டாங்க, தீமிதியோட மாட்டல. பட்டை, நிரல், சம்பளம் மூணுக்கும் சரின்னாங்க.

வாத்தியார் சம்பளத்துக்கு முதல்ல முடியாதுன்னாங்க. "அப்போ கொடி அசைக்கப் பிள்ளைங்க வராது"ன்னேன். எங்கேருந்து தைரியம் வந்துச்சோ தெரியல. அவங்களுக்குள்ள பேசிட்டு, ஆறு மாசத்துக்குச் சரின்னாங்க. ஒரு டிரம் செட் குடுப்பாங்களாம், பழசு, இப்பவே. பினாங்குல இருக்கு, நாமதான் போய் எடுத்துக்கணும். ஸ்டோர்ல கவரோட வைக்க விடமாட்டேன்னு சிகு முன்னால சத்தியம் பண்றேன்.

ஞாயித்துக்கிழமை யார்கிட்ட லோரி இருக்கு?

---

தகதகிட · வெள்ளி, இரவு 11:09

என்கிட்ட. ஆனா பாலத்துக்கு டோல் காசு சங்கம் கட்டணும். பம்பை அடிச்ச பையனையும் கூட்டிட்டு வர்றேன், அவன்தான் பிரிச்சுக் கட்டத் தெரிஞ்சவன்.

---

ராஜம்மா_கெடை · வெள்ளி, இரவு 11:14

காலையில எத்தனை மணிக்குக் கிளம்பறீங்க? எத்தனை பொட்டலம்?